கடை பில்லிங்கிலிருந்து ஐடி வேலைக்கு: விருதுநகர் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 25. 2022-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், 58 சதவீதம், அரியர் இல்லை. பள்ளிப் படிப்பு தமிழ் வழி. மூன்று ஆண்டுகளாக விருதுநகரில் சமையல் எண்ணெய் மொத்த விற்பனைக் கடை ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன். டாலி, இ-வே பில், மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி கணக்கு அனுப்புவது என் வேலை. பிஎஃப் பிடிக்கிறார்கள். ஐடி துறைக்குப் போக ஆசை. சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் நான்கு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறது. ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்கிறார்கள், மாதத் தவணையிலும் கட்டலாமாம். இன்னொருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் மூன்று வருட ஐடி அனுபவச் சான்றிதழ், சம்பள ரசீது எல்லாம் போட்டு வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வீட்டில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேச வராது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒன்றரை லட்சக்காரரை முதலில் பேசி முடித்துவிடுவோம். அதில் பணத்தோடு வேறு சிலவும் போகும்.

ஐடி நிறுவனங்கள் ஆளை எடுக்கும்போது பின்னணிச் சரிபார்ப்பு வைப்பார்கள். முன்பெல்லாம் பழைய கம்பெனிக்கு ஒரு ஃபோன், ஒரு மெயில் என்று அது முடிந்துவிடும். இப்போது பல இடங்களில் உங்கள் யுஏஎன் எண்ணின் (பிஎஃப் கணக்குக்கான நிரந்தர எண்) சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்கிறார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். உங்களுக்குக் கடையிலேயே பிஎஃப் பிடிக்கிறார்கள். ஆதாரோடு இணைந்த அந்தக் கணக்கில் மூன்று வருடமும் விருதுநகர்க் கடையின் பெயர் இருக்கும்போது, அதே மூன்று வருடம் சென்னையில் ஜாவா டெவலப்பராக இருந்தேன் என்று ஒரு கடிதம் எப்படி நிற்கும்? உங்கள் பெயரில் பின்தேதியிட்டு பிஎஃப்பும் கட்டித் தருகிறேன் என்று தரகர் சொன்னால் அது இன்னும் வம்பு. ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகப் பதிவாகி, தானாகவே சிவப்புக் கோடு விழும். சேர்ந்து ஒரு வருடம் கழித்துப் பிடிபட்டாலும் அன்றே வெளியேற்றுவார்கள். ரிலீவிங் லெட்டர் வராது. பார்த்த அந்த ஒரு வருட நிஜ அனுபவத்தையும் வெளியே காட்ட முடியாது. பிடிபடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வருட அனுபவக்காரருக்குத் தரும் வேலையைத்தான் முதல் வாரமே உங்கள் தலையில் கட்டுவார்கள்.

பயிற்சி நிலையம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது தேவையில்லை. ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்பதன் கீழே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்றுதான் இருக்கும். நான்கு இடத்துக்கு உங்கள் ரெஸ்யூமை அனுப்பினாலே அவர்கள் கடமை முடிந்தது. தவணை என்று சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல இடங்களில் அது நிலையத்துக்குக் கட்டும் தவணை அல்ல. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் முதல் நாளே நிலையத்துக்குச் செலுத்திவிடும். இரண்டாம் மாதம் வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். பின்னால் என்றாவது வகுப்பில் சேரத்தான் வேண்டும் என்றால், பாடம் எடுக்கப்போகிறவரின் இரண்டு வகுப்பையாவது உட்கார்ந்து கேளுங்கள், மாதாமாதம் நேரடியாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

பாடத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். ஃபுல் ஸ்டாக் என்றால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், ஜாவாவோ நோடோ, டேட்டாபேஸ், கிட், டிப்ளாய்மென்ட் என்று நீளும் பட்டியல். நான்கு மாதத்தில் ஒவ்வொன்றிலும் நுனிப்புல் மேயலாம். அதே பட்டியலோடு இந்த ஆண்டு கணினி அறிவியல் முடித்த பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். வளாகத் தேர்வு பாணியில் மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களில் பல, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம் கேட்பவை. படித்து முடித்த ஆண்டையும் பார்ப்பவை. 58 சதவீதமும் 2022-உம் அங்கே இரண்டு பூட்டு. அதில் முட்டிக்கொண்டிருக்காமல் வேறு வாசல் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அந்த வேறு வாசலின் பெயர் அப்ளிகேஷன் சப்போர்ட். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளில் பிரச்சினை வரும்போது, அது எங்கே, ஏன் என்று பார்த்துச் சரிசெய்கிற அல்லது சரியான ஆளிடம் சேர்க்கிற வேலை. பில்லிங், ஈஆர்பி (கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்), சரக்குப் போக்குவரத்து மென்பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு இந்த வேலைக்கு ஆள் எப்போதும் தேவை. அவர்களுக்கு வரும் புகார்கள் எப்படி இருக்கும்? ‘பில் போட்டாச்சு, இ-வே பில் ஜெனரேட் ஆகலை.’ ‘பார்ட்டி லெட்ஜரும் அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்டும் இடிக்குது.’ ‘கிரெடிட் நோட் ஜிஎஸ்டிஆர்-1-இல் வரலை.’ கணினி அறிவியல் பட்டதாரிக்கு இதில் பாதிச் சொல் புரியவே இரண்டு மாதம் ஆகும். நீங்கள் மூன்று வருடமாக இதற்குள்தான் இருக்கிறீர்கள். மறைக்க வேண்டிய இடைவெளி என்று தோன்றலாம், ஆனால் அந்த மூன்று வருடம்தான் உங்கள் கையிலிருக்கும் சரக்கு. அதோடு எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி), லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்) இரண்டையும் சேர்த்தால் கேட்கத் தகுந்த ஆளாகிவிடுவீர்கள்.

கடை வேலையை விடாமல், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம் என்று ஆறு மாதம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் எஸ்கியூஎல், அடுத்த இரண்டு மாதம் லினக்ஸ், கடைசி மாதம் டிக்கெட் (ஒரு புகாரின் பதிவு) எழுதுவதும் நேர்முகத் தயாரிப்பும்.

லேப்டாப்பில் விண்டோஸை ஓட்டிக்கொண்டு அதற்குள் இன்னொரு இயங்குதளத்தை ஏற்ற 4 ஜிபி போதாது. ரேமைக் கூட்டும் ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்த வகையா என்று கடையில் காட்டிக் கேளுங்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியே முதலில். ஒன்றும் செய்ய முடியாவிட்டால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நேரடியாக நிறுவிவிடுங்கள். அது 4 ஜிபியில் ஓடும், தினமும் லினக்ஸிலேயே புழங்க வேண்டிய கட்டாயமும் வரும்.

எஸ்கியூஎலுக்கு போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், அதைத் திறந்து பார்க்க டிபீவர், இரண்டும் இலவசம். இணையத்தில் கிடைக்கும் ஊழியர்–துறை உதாரணத்தை ஒரு வாரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் கடையையே டேட்டாபேஸாகக் கட்டுங்கள். டேபிள் ஐந்து போதும்: வாடிக்கையாளர், சரக்கு, பில், பில் வரி (பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பதிவு), வசூல். கடையின் நிஜ டேட்டாவை மட்டும் தொடக்கூடாது. அது முதலாளியுடையது, நேர்முகத்தில் அதைக் காட்டினால், நாளை நம் டேட்டாவையும் இப்படித்தான் எடுத்துப்போவார் என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும். 200 வாடிக்கையாளர், 5,000 பில் என்று கற்பனையாக நிரப்புங்கள். போஸ்ட்கிரஸில் ஜெனரேட் சீரீஸ் என்ற ஃபங்ஷன் அதை நொடியில் செய்து கொடுக்கும்.

இப்போது பாக்கிப் பட்டியல் எடுக்கும் எஸ்கியூஎல் கட்டளையை, அதாவது குவெரியை எழுதுங்கள். பெரும்பாலோர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. ஒரு பில் 10,000 ரூபாய். அதற்கு 4,000, 3,000, 2,000 என்று மூன்று தவணையில் வசூல் வந்திருக்கிறது. பாக்கி 1,000. பில் டேபிளையும் வசூல் டேபிளையும் பில் எண் வழியாக ஜாயின் செய்து (இணைத்து), பில் தொகையையும் வசூல் தொகையையும் சம் போட்டுக் கழித்தால் என்ன வரும்? மூன்று வசூலுக்கும் மூன்று வரி உருவாகும். ஒவ்வொரு வரியிலும் பில் தொகை 10,000 திரும்ப வரும். கூட்டினால் 30,000. வசூல் 9,000. பாக்கி 21,000 என்று காட்டும். எரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. அதே குவெரியில் இன்னொரு ஓட்டையும் உண்டு: இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் இருப்பதை மட்டும் தருவது) போட்டிருந்தால், ஒரு பைசாகூட வசூல் வராத பில் பட்டியலிலேயே இருக்காது. கடைக்காரர் முதலில் தேடுவது அந்தப் பில்லைத்தான்.

சரிசெய்வது இப்படி. முதலில் வசூலைத் தனியாக, பில் எண் வாரியாக குரூப் பை செய்து கூட்டிவிடுங்கள். இப்போது ஒரு பில்லுக்கு ஒரே வரி. பில் டேபிளை முதலில் வைத்து, இதை அதோடு லெஃப்ட் ஜாயின் (முதல் டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொள்வது) செய்யுங்கள். வசூல் வராத பில்லுக்கு அந்தக் கட்டம் ‘நல்’ (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். 10,000-லிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல்தான், 10,000 வராது. கோயலெஸ் (COALESCE) போட்டு நல்லை 0 ஆக்கிய பிறகே கழிக்க வேண்டும். இதை நீங்களே தவறாக எழுதி, 21,000 வருவதைக் கண்ணால் பார்த்து, பிறகு திருத்துங்கள். ‘ஜாயினுக்குப் பின் தொகை ஏன் பெருகுகிறது’ என்பது நேர்முகத்தில் அடிக்கடி வரும் கேள்வி. வரையறையை ஒப்பிப்பவருக்கும் பில்லை வைத்து விளக்குபவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதே வகையில் இன்னும் இரண்டு. ‘ஏப்ரலில் ஒன்றும் வாங்காத வாடிக்கையாளர்கள் யார்?’ என்பதற்கு லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, பில் தேதி நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் எழுதினால், வாங்காதவர்கள் எல்லோரும் வடிந்துபோவார்கள். அந்த நிபந்தனை ஜாயினின் ஆன் (ON) பகுதியில் இருக்க வேண்டும். அடுத்தது மாதக் கணக்கு. தேதியோடு நேரமும் பதிவாகும் காலத்தில் ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று பிட்வீன் போட்டால், 30-ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு கணக்கு நின்றுவிடும். அன்று பகல் முழுக்கப் போட்ட பில் விடுபடும். மாதக் கடைசி நாளில் எத்தனை பில் போடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 1-உம் அதற்குப் பிறகும், மே 1-க்கு முன்பு என்று எழுதிப் பழகுங்கள்.

டேட்டாவை மாற்றும்போது ஒரு ஒழுங்கை இப்போதே கைக்குக் கொண்டுவாருங்கள். பிகின் போடுங்கள், அப்டேட்டில் எழுதப்போகும் அதே வேர் நிபந்தனையை வைத்து முதலில் செலக்ட் செய்து எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள், பிறகு அப்டேட், அதே எண்ணிக்கை வந்தால் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), ஒன்று கூடினாலும் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது). வேர் எழுத மறந்து முழு டேபிளையும் மாற்றிவிட்ட கதை இந்தத் துறையில் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நிஜ வேலையில் இதற்கு மேலதிகாரியின் ஒப்புதலும் சேஞ்ச் டிக்கெட்டும் இல்லாமல் கை வைக்க விடமாட்டார்கள். விட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

லினக்ஸில் நூறு கமாண்டை மனப்பாடம் செய்ய வேண்டாம். சப்போர்ட்டில் தினம் நடப்பது நான்கைந்து காரியம்: லாகில் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவேடு) தேடுவது, சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது, டிஸ்க்கும் மெமரியும் நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது, பெர்மிஷன், கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி). கிரெப், லெஸ், டெயில், சிஸ்டம்சிடிஎல், ஜர்னல்சிடிஎல், டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டுவது), டியூ (ஃபைல்கள் எடுக்கும் இடத்தைக் கூட்டிக் காட்டுவது), டாப், சிஎச்மாட் இவற்றை நன்றாகப் பழகினாலே முதல் வருடம் ஓடும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கேள்வியாகவும் வரும், வேலையிலும் வரும். சர்வரில் டிஸ்க் 100 சதவீதம் என்று அலர்ட். பார்த்தால் 20 ஜிபி லாக் ஃபைல் ஒன்று. ஆர்எம் போட்டு அழித்தாயிற்று. ஆனால் டிஎஃப் இன்னும் 100 என்றே காட்டுகிறது. டியூ போட்டுக் கூட்டினால் 3 ஜிபிதான் இருக்கிறது. காரணம், அந்த அப்ளிகேஷன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஆர்எம் அழித்தது பெயரைத்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மூடும்வரை இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கமாண்டை பிளஸ் எல்1 ஆப்ஷனோடு போட்டால் எந்தப் புராசஸ் என்று தெரியும். அனுமதி வாங்கி அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காமல் ட்ரங்கேட் கமாண்டால் அளவை 0 ஆக்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எஃப்அலோகேட் கமாண்டால் 1 ஜிபி ஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். ஒரு டெர்மினலில் அதன் மேல் டெயில் -எஃப் (ஃபைலைத் திறந்தபடியே வைத்துப் பின்தொடர்வது) ஓடட்டும். இன்னொன்றில் ஃபைலை அழித்துவிட்டு டிஎஃப் பாருங்கள். பிறகு டெயிலை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

கிரானில் இரண்டு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். பல சர்வர்கள் உலகப் பொது நேரமான யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், ஓடும். மாலை 6 மணிக்கு என்று எழுதியது நம் நேரப்படி இரவு 11.30-க்குத்தான் ஓடும். இன்னொன்று, கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போகும். உங்கள் லாகினில் இருக்கும் பாத் அமைப்பு (கமாண்டுகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) கிரானுக்குக் கிடைக்காது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு கமாண்டுக்கும் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.

இதோடு எச்டிடிபி கோடுகளில் (வெப் சர்வரின் பதிலோடு வரும் எண்கள்) 401, 403, 404, 500, 502, 504 இவை எதைச் சொல்கின்றன என்பதையும், போஸ்ட்மேன் என்ற கருவியில் ஒரு ஏபிஐயை (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) அழைத்து ஜேசன் (டேட்டாவை எழுதும் ஒரு வடிவம்) பதிலை வாசிப்பதையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இ-வே பில் வராத சிக்கலில் கடைசியாக வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஜேசன்தான். பின்கோடு தவறு, வாகன எண் வடிவம் தவறு, ஜிஎஸ்டிஐஎன் ரத்தானது என்று போர்ட்டல் திருப்பி அனுப்பும் காரணங்கள் உங்களுக்கு ஏற்கெனவே பரிச்சயம்.

ஏஐயிடம் கேட்டுப் படிக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் குவெரியை முதலில் நீங்கள் எழுதுங்கள், அதிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொல்லி வாங்கிப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நேர்முகத்தில் வெற்றுத் திரையைப் பகிரச் சொன்னதும் கை ஓடாது.

ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த வேலையில் பேச்சைவிட எழுத்து அதிகம், அதுவும் ஒரே அச்சில் வார்த்த எழுத்து. ஒரு டிக்கெட்டில் ஐந்து வரி: என்ன நடக்கிறது, எப்போதிருந்து, யாருக்கெல்லாம் பாதிப்பு, இதுவரை எதைப் பார்த்தோம், அடுத்து என்ன எப்போது. நீங்கள் கடையில் சந்தித்த சிக்கல் இருபதை எடுத்து, ஒவ்வொன்றையும் இந்த அச்சில் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். எழுதியதை உரக்கப் படித்து ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள். இருபது முடியும்போது சப்போர்ட் வேலைக்கு வேண்டிய சொற்களில் பெரும்பகுதி நாக்கில் ஏறியிருக்கும். நேர்முகத்தில் இலக்கணப் பிழைக்காக ஒதுக்கப்படுபவர்களைவிட, பதில் தெரியாத கேள்விக்கு மௌனமாக உட்கார்ந்து ஒதுக்கப்படுபவர்கள் அதிகம். ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, முதலில் லாகில் இதைப் பார்ப்பேன்’ என்று சொல்ல மட்டும் ஆங்கிலத்தில் தயாராக இருங்கள். டிக்கெட் மென்பொருள் செய்யும் சர்வீஸ்நவ் நிறுவனம் பழகிப் பார்க்க இலவசமாகவே ஒரு டெவலப்பர் இன்ஸ்டன்ஸ் தருகிறது. அந்த இருபதையும் அதில் இன்சிடென்டாகப் பதிந்து, முன்னுரிமை கொடுத்து, மூடிப் பழகுங்கள். இன்சிடென்ட், பிராப்ளம், சேஞ்ச் மூன்றுக்கும் உள்ள வேறுபாடும் எஸ்எல்ஏ என்றால் என்ன என்பதும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

ரெஸ்யூம் ஒரே பக்கம். மேலே ‘சவாலான பணியைத் தேடும் ஃப்ரெஷர்’ என்ற வழக்கமான பல்லவி வேண்டாம். அப்ளிகேஷன் சப்போர்ட், எஸ்கியூஎல், லினக்ஸ், ஜிஎஸ்டி பில்லிங்கில் மூன்று ஆண்டு என்று நேராக எழுதுங்கள். கடை வேலையை மறைக்காமல் எண்ணிக்கையோடு போடுங்கள்: நாளுக்கு எத்தனை பில், எத்தனை இ-வே பில், மாத முடிவில் எந்தெந்த வித்தியாசங்களைக் கண்டுபிடித்துத் திருத்தினீர்கள். அதன் கீழ் உங்கள் டேபிள் அமைப்பும் குவெரிகளும் இருக்கும் கிட்ஹப் இணைப்பு. தொடாத தொழில்நுட்பத்தின் பெயர் ஒன்றுகூட வேண்டாம்; ரெஸ்யூமில் டாக்கர் என்று ஒரு சொல் இருந்தால் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் தேட வேண்டிய பெயர்கள்: அப்ளிகேஷன் சப்போர்ட் அனலிஸ்ட், எல்1 (முதல் நிலை) புரொடக்ஷன் சப்போர்ட், ப்ராடக்ட் சப்போர்ட் இன்ஜினியர், ஈஆர்பி சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ். வணிக மென்பொருள் செய்பவர்களைத் தனியாகப் பட்டியலிட்டு அவரவர் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். சென்னையில் ராம்கோ, கோஃப்ரூகல், ஜோஹோ என்று தெரிந்த பெயர்கள் தவிர, கோவையிலும் மதுரையிலும் 30, 40 பேர் வைத்து ஜவுளி, மருந்து, மளிகை விநியோகத்துக்கு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனங்கள் நிறைய. என்னைக் கேட்டால் முதல் வேலைக்கு அந்தச் சிறு இடமே மேல். பெரிய இடத்தில் ஒரு திரையைப் பார்த்து அலர்ட் வந்தால் ஃபோன் செய்வதோடு எல்1 முடிந்துவிடலாம். சிறு இடத்தில் ஆறாவது வாரமே டேட்டாபேஸைத் தொடவிடுவார்கள். உங்கள் கடைக்கு மென்பொருள் ஏதும் விற்றவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை தர முன்பணம், லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி.

சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்பார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் வந்தால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு உதாரணம்: அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,500, கிராஜுவிட்டி சுமார் 600, இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். வேரியபிள் பே (செயல்திறனைப் பொறுத்த தொகை) 5 சதவீதம் என்றால் 1,250 மாதாமாதம் வராது. மீதி 21,650. அதில் உங்கள் பிஎஃப் 1,500 போகும். சென்னையில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு 1,250. கைக்கு வருவது 20,000-ஐ ஒட்டித்தான். விடுதி, சாப்பாடு, போக்குவரத்து போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். மதுரையில் 16,000 கைக்கு வரும் வேலை கிடைத்தால், சென்னையின் 20,000-ஐவிட அது கையைக் கடிக்காது. ஆஃபரில் யாருடைய பேரோல் (சம்பளப் பட்டியல்), ஷிஃப்ட் எப்படிச் சுழலும், இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்றாம் தரப்பு பேரோல் என்பதாலேயே மறுக்க வேண்டாம். பிஎஃப் கட்டுகிறார்களா என்பதுதான் முக்கியம். பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அன்றே திரும்ப வாங்கிவிட வேண்டும்.

எல்1-இல் ஒன்றரை வருடத்துக்கு மேல் தங்க வேண்டாம். அலர்ட்டைப் பார்த்து டிக்கெட் போடும் வேலையைத்தான் தானியங்கிக் கருவிகள் முதலில் விழுங்குகின்றன. சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து, திரும்பத் திரும்ப வரும் டிக்கெட்டுகளைக் குறித்துவைத்து, அதில் ஒன்றையாவது ஷெல் அல்லது பைத்தான் ஸ்கிரிப்ட்டால் தீர்த்துக் காட்டுங்கள். அடுத்த நிலையான எல்2-வுக்கு அதுவே சிபாரிசு. அங்கிருந்து டேட்டாபேஸ் பக்கமோ, டெவ்ஆப்ஸ் (மென்பொருளை சர்வரில் ஏற்றி இயக்கும் வேலை) பக்கமோ, ஈஆர்பி ஃபங்க்ஷனல் (மென்பொருளை வணிகத்தின் தேவைக்கு அமைத்துக் கொடுக்கும் வேலை) பக்கமோ திரும்பலாம். உங்கள் பின்புலத்துக்கு மூன்றாவதுதான் வேகமாக ஏறும் என்பது என் கணிப்பு. சான்றிதழ்த் தேர்வுகளை அப்போது பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பக்கம் போவதென்றால் ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ மதிப்புள்ளது. கொள்குறி வினா கிடையாது, கொடுத்த வேலையை மெஷினில் செய்து காட்ட வேண்டும், 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. வேலைக்கு முன்பே அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

ஆஃபர் கையில் வந்தபின் கடையிலிருந்து விலகும்போது, லெட்டர்ஹெட்டில் பணி அனுபவக் கடிதம் வாங்குங்கள்: பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முதலாளி கையெழுத்து, தொடர்பு எண். சரிபார்ப்பவர்கள் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடிதத்திலுள்ள தேதிகளும் யுஏஎன்னில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்னக் கடைகளில் விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிடுவது சகஜம். பதியாவிட்டால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகத்தான் இருக்கும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின் பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் ‘மார்க் எக்ஸிட்’ வழியாக நீங்களே பதிந்துகொள்ளலாம். அதுவரை, கடையின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.